கருந்துளைக்குள்ள விழுந்தா என்ன ஆகும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல பெரும்பாலும் பிளாக் ஹோல் (கருந்துளை), வார்ம்ஹோல் (ரெண்டு எடத்த இணைக்கற குறுக்கு வழி), ஒயிட் ஹோல்னு (வெண்துளை) தான் இருக்கு. சரி, மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டு இதையே பேசிடுவோம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. இதுல சிலது டெலஸ்கோப்ல பாத்தது, சிலது கணக்கு போட்டு நம்புறது, சிலது பேப்பர்ல மட்டும் இருக்கறது. வீடியோ போடறவங்க மூணையும் ஒரே மூச்சுல கலந்து அடிச்சு விடறதால தான் பாதி குழப்பமே வருது, அதனால எது எந்த ரகம்னு முடிஞ்ச வரைக்கும் சொல்லிக்கிட்டே வர்றேன்.

கேள்வி: சார், கருந்துளை சுத்தி இருக்கற எல்லாத்தையும் உறிஞ்சிடும்னு சொல்றாங்களே, அப்போ ஒரு நாள் பிரபஞ்சம் மொத்தத்தையும் முழுங்கிடாதா?

உறிஞ்சாதுங்க. இந்த உறிஞ்சற கதைய யாரு கெளப்பி விட்டாங்களோ, போகவே மாட்டேங்குது. சூரியன எடுத்துட்டு அதே எடத்துல அதே நிறை உள்ள ஒரு கருந்துளைய வச்சா பூமி இப்ப எப்டி சுத்துதோ அப்டியே தான் சுத்திட்டு இருக்கும். வெளிச்சம் போயி நாம எல்லாரும் உறைஞ்சு போவோம்ங்கறது வேற விஷயம், பாதை மாறாது. ஏன்னா தூரத்துல இருந்து பாக்கறப்போ ஈர்ப்புக்கு முக்கியம் எவ்ளோ நிறை, எவ்ளோ தூரம், அவ்ளோ தான். அந்த நிறை பெரிய பந்தா இருக்கா இல்ல நசுங்கி குட்டியா இருக்கா அப்டிங்கறத அது கேக்கறதில்ல.

வித்தியாசம் எங்க வருதுன்னா ரொம்ப கிட்ட போனா தான். சூரியன் அளவு நிறைக்கு நிகழ்வெல்லை, அதாவது உள்ள போனா திரும்ப முடியாத அந்த எல்லை, சுமார் 3 கிமீ ஆரத்துல இருக்கும். பூமிய கருந்துளை ஆக்கணும்னா 9 மில்லிமீட்டர் ஆரத்துக்குள்ள நசுக்கணும். சுழலாத கருந்துளைன்னு வச்சிக்கிட்டா, இந்த ஆரத்தப் போல 3 மடங்கு தூரத்துக்குள்ள போயிட்டா நிலையான சுற்றுப்பாதையே கிடையாது, லேசா ஒரு தட்டு தட்டினா உள்ள விழுந்துடும். ஒன்றரை மடங்கு தூரத்துல ஒளியே வட்டம் போடும். அந்த வட்டாரத்துல தான் நியூட்டன் கணக்கு கை விரிக்கும், அதுக்கு வெளிய அது இன்னொரு கனமான பொருள், அவ்ளோ தான். அப்புறம் சூரியன் என்னைக்கும் கருந்துளை ஆகாது, அதுக்கு நிறை பத்தாது, வெண்குள்ளனா, அதாவது எரிபொருள் தீந்து சுருங்கிப்போன நட்சத்திரமா தான் முடியும்.

கேள்வி: நேராவே கேக்கறேன், நான் உள்ள விழுந்தா எனக்கு என்ன ஆகும்? நூல் மாதிரி இழுத்துடும்னு ஒருத்தர் சொல்றாரு, ஒண்ணுமே தெரியாதுன்னு இன்னொருத்தர் சொல்றாரு.

ரெண்டு பேரும் சரி தான், எந்த கருந்துளைங்கறத தான் சொல்லாம விட்டுட்டாங்க.

கால் கீழ, தலை மேலன்னு விழறீங்கன்னு வைங்க. காலு கருந்துளைக்கு கிட்ட இருக்கறதால அதுக்கு இழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி, தலைக்கு கொஞ்சம் கம்மி, இந்த வித்தியாசம் தான் உங்கள இழுத்து நீட்டுது. பூமிலயும் இந்த வித்தியாசம் இருக்கு, ஆனா கண்ணுக்கே தெரியாத அளவு. 10 சூரியன் நிறை உள்ள ஒரு கருந்துளைல நிகழ்வெல்லை வெறும் 30 கிமீல இருக்கு, அங்க போறப்போ தலைக்கும் காலுக்கும் உள்ள இழுப்பு வித்தியாசம் பூமி ஈர்ப்பப் போல சுமார் 2 கோடி மடங்கு. எல்லைய தொடறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆள் காலி.

ஆனா நிறை கூடக் கூட எல்லையில இந்த இழுப்பு குறையுது, நிறை 10 மடங்கு ஆனா இழுப்பு வித்தியாசம் 100ல ஒரு பங்கா ஆயிடும். கேக்க தலைகீழா இருக்கு, ஆனா காரணம் சிம்பிள் தான், பெரிய கருந்துளைல எல்லை மையத்துல இருந்து ரொம்ப ரொம்ப தள்ளி இருக்கு. எம்87ங்கற கேலக்ஸி நடுவுல இருக்கறதுக்கு 650 கோடி சூரியன் நிறை, அதோட நிகழ்வெல்லை ஆரம் கிட்டத்தட்ட 1,900 கோடி கிமீ, சூரியன்ல இருந்து புளூட்டோ வரைக்கும் உள்ள தூரத்தப் போல 3 மடங்குக்கும் மேல. அந்த எல்லைய தாண்டறப்போ உங்களுக்கு எதுவும் தெரியாது, கோடும் கிடையாது சுவரும் கிடையாது, சும்மா மிதந்துட்டு போவீங்க. (சுத்தி கொதிச்சுட்டு இருக்கற வாயுவும் கதிர்வீச்சும் உங்கள அதுக்கு முன்னாடியே பொசுக்கிடும், அத இல்லன்னு வச்சிக்கிட்டு பேசறோம்.) இன்னொரு கணக்கு, அந்த எல்லைக்குள்ள இருக்கற கன அளவால நிறைய வகுத்தா வர்ற சராசரி அடர்த்தி நாம சுவாசிக்கற காத்த விட கம்மி. கருந்துளைன்னாலே பயங்கர அடர்த்தின்னு நெனைக்கறவங்க இத ஒரு தடவ போட்டு பாருங்க.

தாண்டியாச்சு, அப்புறம்? அப்புறம் தான் விஷயம். எல்லைக்கு உள்ள மையம்ங்கறது உங்களுக்கு முன்னாடி இருக்கற ஒரு எடம் இல்ல, அது உங்களுக்கு வரப்போற நேரம். நாளைக்கு வராம தப்பிக்க முடியாதுல்ல, இடது பக்கம் போனாலும் வலது பக்கம் போனாலும் நாளைக்கு வந்தே தீரும், உள்ள மையம் அந்த மாதிரி ஆயிடுது. எம்87ல அதிகபட்சம் கிடைக்கற நேரம் சுமார் 28 மணி. நம்ம கேலக்ஸி நடுவுல இருக்கற 40 லட்சம் சூரியன் நிறை கருந்துளைல ஒரு நிமிஷம் சொச்சம். அந்த உச்சவரம்ப எந்த ராக்கெட்டாலயும் தாண்ட முடியாது, அளவா ஒரு தடவ அடிச்சா அந்த வரம்ப ஒட்டி போகலாம், பதறிப்போயி முழு வேகத்துல விடாம அடிச்சிட்டே இருந்தா இருக்கற நேரமும் கொறஞ்சு தான் போகும்.

வெளிய நின்னு பாக்கற உங்க ஃப்ரெண்டுக்கு கதையே வேற. நீங்க எல்லைய நெருங்க நெருங்க உங்க அசைவு மெதுவாகிட்டே போகும், நிறம் சிவப்பாகி அதுக்கும் கீழ எறங்கி மங்கிட்டே போவீங்க, நீங்க தாண்டறத அவரு பாக்கவே மாட்டாரு. அதுக்காக உங்க பிம்பம் அங்கயே ஒட்டிட்டு காலத்துக்கும் தெரியும்னு நெனைக்காதீங்க. சின்ன கருந்துளைல அந்த மங்கல் ஒரு நொடில ஆயிரத்துல ஒரு பங்குக்குள்ளயே ஆரம்பிச்சு சட்டுனு முடிஞ்சிடும், இருட்டு தான் மிஞ்சும்.

கேள்வி: கருந்துளை பக்கத்துல ஒரு மணி நேரம் இருந்தா வெளிய 7 வருஷம் ஓடிடும்னு சினிமால பாத்தேன். உண்மையா?

நேரம் மெதுவா ஓடறது உண்மை, அந்த அளவு தான் சுலபமா கிடைக்காது. சுழலாத கருந்துளைய நிலையா சுத்தி வந்தா உச்சபட்சமா கிடைக்கறது 1.41 மடங்கு, அதாவது உங்களுக்கு 10 வருஷம்னா வெளிய 14 வருஷம். இதுக்கு மேல வேணும்னா எல்லைய ஒட்டி ராக்கெட்ட கொளுத்தி அந்தரத்துல நிக்கணும். நிகழ்வெல்லை ஆரத்தப் போல 1.01 மடங்கு தூரத்துல நின்னா 10 மடங்கு கிடைக்கும், ஆனா எம்87 மாதிரி சாதுவான ராட்சசன் கிட்டயே அப்டி நிக்க உங்க எடை 2,000 மடங்குக்கு மேல ஆகும். 1 மணிக்கு 7 வருஷம்னா 60,000 மடங்குக்கு மேல, அது வேணும்னா கருந்துளை அதிகபட்ச வேகத்த ஒட்டி சுழலணும். அப்டி ஒண்ண எழுதறதுக்கு கணக்கு தடை சொல்லல, 1963ல ராய் கெர் கண்டுபிடிச்ச சுழலும் கருந்துளை தீர்வுல அது அடங்குது. நிஜத்துல அவ்ளோ நெருக்கமா உச்சத்த தொட்டுட்டு ஒண்ணு இருக்குமாங்கறது தான் சந்தேகம்.

கேள்வி: ஒளியே வெளிய வர முடியாதுன்னா ஈர்ப்பு மட்டும் எப்டி வெளிய வருது? ஈர்ப்பும் ஒளி வேகத்துல தானே போகும்? – பிசிக்ஸ் முதல் வருஷம் படிக்கற ஒரு தம்பி

இந்த தடவ வந்ததுலயே எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி இது தான் தம்பி.

ஈர்ப்பு உள்ள இருந்து வரல. ஒரு நட்சத்திரம் நசுங்கி கருந்துளை ஆகறதுக்கு முன்னாடியே அத சுத்தி காலவெளி (காலமும் வெளியும் சேந்தது) வளைஞ்சு தான இருந்துச்சு, நட்சத்திரம் உள்ள சுருங்கி எல்லைக்கு பின்னால போனாலும் வெளிய இருக்கற வளைவு அப்டியே நிக்குது. அது நிக்கறதுக்கு உள்ள இருந்து யாரும் தகவல் அனுப்பிட்டே இருக்க வேண்டியதில்ல, ஐன்ஸ்டீன் சமன்பாட்டுக்கு அந்த வளைவு தன்னாலயே நீடிக்கறது தான் தீர்வு. ஈர்ப்பு ஒளி வேகத்துல போகும்னு சொல்றது மாற்றத்த பத்தி. ஏதோ ஒண்ணு அசைஞ்சா அந்த சேதி ஒளி வேகத்துல பரவும். உள்ள நடக்கற எந்த மாற்றமும் வெளிய வராது, அது நீ சொன்ன மாதிரியே தான். கருந்துளைக்கு மின்னூட்டம் இருந்தா அதோட மின்புலம் வெளிய தெரியறதும் இதே காரணத்துனால தான்.

ஒரு கருந்துளைய பத்தி வெளிய இருந்து தெரிஞ்சுக்க முடியறதே நிறை, சுழற்சி, மின்னூட்டம், இந்த மூணு தான். உள்ள விழுந்தது இரும்பா தங்கமா நீயான்னு எதுவும் தெரியாது. இத ஞாபகம் வச்சுக்கோ, ஹாக்கிங் கேள்விக்கு வேணும்.

கேள்வி: ஐன்ஸ்டீனே கருந்துளைய நம்பலன்னு படிச்சேன், அவரோட தியரில இருந்து வந்தத அவரே நம்பலயா?

ஆமா, நம்பல. 1915 கடைசில அவரு பொது சார்பியல்ங்கற ஈர்ப்பு தியரிய வெளியிட்ட கொஞ்ச நாள்லயே கார்ல் ஸ்வார்ஸ்சைல்டு, முதல் உலகப்போர்ல ரஷ்ய எல்லைப்பக்கம் ராணுவத்துல இருந்துக்கிட்டே, முதல் துல்லியமான தீர்வ எழுதி அனுப்பிட்டாரு, அடுத்த மே மாசம் அவரு உயிரோட இல்ல. அந்த தீர்வுக்குள்ளயே கருந்துளை இருந்துச்சு, யாருக்கும் அப்டி படிக்க தோணல. 1939ல ஐன்ஸ்டீன் இப்டி ஒண்ணு நிஜத்துல உருவாகாதுன்னு ஒரு கட்டுரை போட்டாரு. அதே வருஷம் செப்டம்பர் 1ம் தேதி, அதாவது இரண்டாம் உலகப்போர் ஆரம்பிச்ச அதே நாள் தேதியிட்ட இதழ்ல, ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் ஒரு பொருள் நசுங்கி எப்டி வெளி உலகத்துல இருந்து துண்டிச்சுக்கும்னு கணக்கு போட்டு காட்டிட்டாங்க.

அதுக்கும் முன்னாடி 1930ல, 19 வயசு சந்திரசேகர் இங்கிலாந்துக்கு கப்பல்ல போறப்போ போட்ட கணக்கு இருக்கு. வெண்குள்ளன் நட்சத்திரம் சுமார் 1.4 சூரியன் நிறைக்கு மேல தாங்காது, நசுங்க ஆரம்பிக்கும். 1935 ஜனவரில லண்டன்ல அத பேசினப்போ அப்போ பெரிய வானியலாளரா இருந்த எடிங்டன் எல்லாரு முன்னாடியும் கேலி பண்ணி தள்ளிட்டாரு, அதுக்கு அப்புறம் அந்த கேள்விய தைரியமா எடுக்க ஆள் வர ரொம்ப நாள் ஆச்சு. சந்திரசேகருக்கு நோபல் வந்தது 1983ல. பெரிய ஆள் ஒருத்தரு சிரிச்சா ஒரு துறை எத்தன வருஷம் பின்னால போகும்ங்கறதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது.

கேள்வி: மையத்துல இருக்கற சிங்குலாரிட்டி தான் என்ன? எல்லா நிறையும் ஒரே புள்ளில இருக்குமா?

அப்டி தான் புத்தகத்துல எழுதறாங்க, ஆனா ஒரு பொருள் அங்க உக்காந்துட்டு இருக்கற மாதிரி கற்பனை பண்ணிக்காதீங்க. மேல சொன்ன மாதிரி அது ஒரு எடம்ங்கறத விட ஒரு முடிவு நேரம். கணக்குல அங்க வளைவு எல்லையில்லாம போயிடுது, அப்டி போச்சுன்னா அந்த தியரி அங்க செல்லாதுன்னு அர்த்தம்.

ரொம்ப நாளா பலரு என்ன நெனச்சாங்கன்னா, நட்சத்திரம் சரியான உருண்டையா நசுங்கினா தான் எல்லாம் ஒரே எடத்துல வந்து முட்டும், கொஞ்சம் கோணல்மாணலா இருந்தா முட்டாம ஒதுங்கி தப்பிச்சிடும்னு. 1955ல அமல் குமார் ராய்சௌத்ரி ஒரு சமன்பாடு போட்டாரு, ஈர்ப்பு பொதுவா பாதைகள ஒண்ணு சேத்து குவிக்கும், எந்த சமச்சீரும் தேவயில்லாம. அந்த கருவிய வச்சு 1965ல ரோஜர் பென்ரோஸ், ஒரு தடவ ஒளியும் உள்நோக்கியே போக வேண்டிய நிலமை வந்துட்டா, கோணலோ மாணலோ, பாதைகள் எங்கயோ அறுந்து தான் ஆகணும்னு நிரூபிச்சாரு. 2020 நோபல்ல பாதி அவருக்கு, மீதிப்பாதி நம்ம கேலக்ஸி மையத்த சுத்தற நட்சத்திரங்கள பல வருஷம் பாத்துட்டு இருந்த கென்செலுக்கும் கெஸ்ஸுக்கும். பென்ரோஸ் நிரூபிச்சது பாதை முடியுதுன்னு, அங்க என்ன இருக்குன்னு இல்ல. அதுக்கு ஈர்ப்பையும், ரொம்ப சின்ன துகள்களோட விதிகளான குவாண்டத்தையும் சேத்து ஒரு தியரி வேணும், அது இன்னும் யாரு கையிலயும் இல்ல.

கேள்வி: வார்ம்ஹோல் வழியா வேற கேலக்ஸிக்கு போக முடியுமா? 2022ல லேப்ல ஒண்ண உருவாக்கிட்டாங்கன்னு நியூஸ் வந்துச்சே?

ரெண்டாவது கேள்விய முதல்ல முடிச்சிடுவோம். உருவாக்கல. குவாண்டம் கம்ப்யூட்டர்ல 9 க்யூபிட் (அந்த கம்ப்யூட்டரோட அடிப்படை தகவல் அலகு) வச்சு ஒரு எளிமையாக்கின மாடல ஓட்டினாங்க, அந்த மாடலோட கணக்கும் ஒரு வகை வார்ம்ஹோலோட கணக்கும் ஒத்துப்போகுதுங்கறது தான் சேதி, அதுலயும் மாடல இவ்ளோ எளிமையாக்கினா ஒப்பீடு நிக்குமான்னு மத்த ஆராய்ச்சியாளர்கள் கேள்வி கேட்டாங்க. கம்ப்யூட்டர்ல மழைய சிமுலேட் பண்ணா மேஜை நனையாது. தலைப்பு போட்டவங்களுக்கு அது தெரியல, இல்ல தெரிஞ்சும் போட்டாங்க.

இப்ப முதல் கேள்வி. 1935ல ஐன்ஸ்டீனும் ரோசனும் ஸ்வார்ஸ்சைல்டு தீர்வ நோண்டி பாத்ததுல அதுக்குள்ள ரெண்டு வெளிய இணைக்கற ஒரு பாலம் இருக்கறத கண்டாங்க. அவங்களுக்கு பயணம் போற ஆசை எல்லாம் இல்ல, எலக்ட்ரான் மாதிரி துகள்கள இப்டி விளக்க முடியுமான்னு பாத்தாங்க. 1962ல வீலரும் ஃபுல்லரும் அந்த பாலம் எவ்ளோ நேரம் திறந்திருக்கும்னு கணக்கு போட்டாங்க. பதில், ஒளி கூட ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் போயி சேர நேரம் கிடைக்காது, அதுக்குள்ள நடுவுல இறுகி அறுந்துடும். அது மட்டுமில்ல, நட்சத்திரம் நசுங்கி உருவாகற நிஜ கருந்துளைல இந்த பாலம் வரவே வராது, அந்த தீர்வோட அந்த பகுதில நட்சத்திரத்தோட பொருள் தான் இருக்கும். அதனால கருந்துளைக்குள்ள குதிச்சா வேற எடத்துல வெளிய வரலாம்ங்கறத மறந்துடுங்க.

1988ல மோரிஸும் கிப் தோர்னும் கேள்விய திருப்பி போட்டாங்க. தீர்வுல என்ன வருதுன்னு பாக்காம, மனுஷன் பத்திரமா போயிட்டு வர்ற மாதிரி ஒரு வார்ம்ஹோல் வேணும், எல்லையும் இருக்க கூடாது, இழுத்து பிய்க்கவும் கூடாது, அப்டி ஒண்ணு இருக்கணும்னா அதுக்குள்ள என்ன மாதிரி பொருள் இருக்கணும்னு ஐன்ஸ்டீன் சமன்பாட்ட பின்னால இருந்து போட்டாங்க. வந்த பதில் தான் வில்லங்கம், எதிர்மறை ஆற்றல் வேணும். சாதாரண பொருள் எல்லாமே ஒளிக்கதிர்கள குவிக்கும், வார்ம்ஹோலோட வாய் உள்ள போற கதிர்கள மறுபக்கம் விரிக்கணும், விரிக்கறதுக்கு ஈர்ப்புக்கு பதிலா தள்ளற ஒண்ணு வேணும். ராய்சௌத்ரி சமன்பாடு இங்கயும் வந்து நிக்குது பாருங்க.

எதிர்மறை ஆற்றல்னு ஒண்ணு அறவே கிடையாதான்னா, அப்டியும் சொல்ல முடியாது. ரெண்டு உலோக தகட ரொம்ப ரொம்ப நெருக்கமா வச்சா நடுவுல வெற்றிடத்தோட ஆற்றல் சைபருக்கும் கீழ எறங்குதுன்னு 1948ல காசிமிர் கணிச்சாரு, அதனால வர்ற இழுவிசைய அளந்தும் பாத்துட்டாங்க. ஆனா அளவு? ஒரு மீட்டர் அகல வாய திறந்து வைக்க வேண்டிய எதிர்மறை நிறை கிட்டத்தட்ட வியாழன் கிரகத்தோட நிறை அளவு வருது. குவாண்டம் விதிகளும் எவ்ளோ எதிர்மறை ஆற்றல் எவ்ளோ நேரம் இருக்கலாம்னு கறாரா வரம்பு வச்சிருக்கு.

இன்னொரு தலைவலியும் இருக்கு. ஒரு வாய ஒளி வேகத்துக்கு கிட்ட கொண்டு போயிட்டு திரும்ப கொண்டு வந்தா ரெண்டு வாய்க்கும் கடிகாரம் ஒத்துப்போகாது, ஒண்ணுல நுழைஞ்சு இன்னொண்ணுல நேத்தைக்கு வெளிய வரலாம், டைம் மெஷின் ரெடி. 1992ல ஹாக்கிங் இயற்கை இத எப்டியாவது தடுத்துடும்னு ஒரு யூகம் வச்சாரு, வெற்றிடத்தோட ஆற்றல் அந்த வாசல்ல எகிறி வார்ம்ஹோலையே அழிச்சிடும்ங்கற மாதிரி. யூகம் தான், முழுசா நிரூபிக்கல. என் கருத்த கேட்டா, வார்ம்ஹோல் பேப்பர் ரகம். நல்ல பேப்பர், தியரிய எவ்ளோ தூரம் வளைக்கலாம்னு புரிய வைக்கற பேப்பர், ஆனா டிக்கெட் புக் பண்ற விஷயம் இல்ல.

கேள்வி: அப்போ ஒயிட் ஹோல்? பிக் பேங் ஒரு ஒயிட் ஹோல்னு சொல்றாங்களே, நாமளே ஒரு கருந்துளைக்குள்ள இருக்கோம்னும் சொல்றாங்களே?

கருந்துளை தீர்வுல காலத்த பின்னோக்கி ஓட்டினா வர்றது வெண்துளை. எதுவும் உள்ள போக முடியாது, வெளிய மட்டும் வரும். ஐன்ஸ்டீன் சமன்பாட்டுக்கு காலம் முன்னால ஓடினாலும் பின்னால ஓடினாலும் ஒண்ணு தான், அதனால கணக்குல தடையில்ல. ஆனா அது எப்டி பொறக்கும்? கருந்துளைக்கு நட்சத்திரம் நசுங்கறது வழி, வெண்துளைக்கு அந்த மாதிரி ஒரு வழியும் தெரியல, பிரபஞ்சம் பொறக்கறப்பவே கூட இருந்திருக்கணும். அப்டியே இருந்தாலும் 1974ல எர்ட்லி போட்ட கணக்குப்படி சுத்தி இருக்கற ஒளியும் பொருளும் அதோட எல்லைல வந்து குமிஞ்சு அத சீக்கிரமே கருந்துளையா மாத்திடும். இது வரைக்கும் வானத்துல எதையும் பாத்து இது வெண்துளை தான்னு அடையாளம் காணல.

பிக் பேங் கொஞ்சம் அந்த ஜாடைல இருக்கறது என்னவோ நெசம் தான், எல்லாருக்கும் கடந்த காலத்துல ஒரு சிங்குலாரிட்டி. ஆனா வெண்துளைக்கு வெளின்னு ஒண்ணு உண்டு, அங்க நின்னு அது கக்கறத பாக்கலாம். பிக் பேங்க்கு வெளி கிடையாது, எல்லா எடத்துலயும் ஒரே நேரத்துல நடந்துச்சு. நாம கருந்துளைக்குள்ள இருக்கோம்ங்கறதுக்கு ஆதாரமா ஒரு கணக்கு காட்டுவாங்க, பாக்கக்கூடிய பிரபஞ்சத்தோட நிறைக்கு ஸ்வார்ஸ்சைல்டு ஆரம், அதாவது நிகழ்வெல்லை ஆரம் போட்டா பிரபஞ்சத்தோட அளவே வருதுன்னு. தட்டையா விரியற எந்த பிரபஞ்சத்துக்கும் அந்த மாதிரி தான் வரும், அது சமன்பாட்டுலயே இருக்கற பொருத்தம். கருந்துளைக்குள்ள சிங்குலாரிட்டி முன்னால காத்துட்டு இருக்கும், நமக்கு அது பின்னால இருக்கு, இது சின்ன வித்தியாசம் இல்ல.

கேள்வி: 2019ல வந்த போட்டோ நெசமான போட்டோவா?

நெசம் தான், ஆனா கேமரா கிளிக் இல்ல. 2017 ஏப்ரல்ல உலகத்துல 6 எடத்துல இருந்த 8 ரேடியோ டெலஸ்கோப்ப ஒரே நேரத்துல எம்87 பக்கம் திருப்பி, எல்லா பதிவையும் கம்ப்யூட்டர்ல சேத்து எடுத்த படம், 2019 ஏப்ரல் 10 வெளியிட்டாங்க. பாத்தது 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்துல, ஆரஞ்சு கலரு நாம பூசினது. நடுவுல தெரியற கருப்பு நிகழ்வெல்லை இல்ல, அதோட நிழல், எல்லைய விட சுமார் 2.6 மடங்கு பெருசு, ஏன்னா கிட்ட போற ஒளி எல்லாம் வளைஞ்சு உள்ள போயிடுது. ஒரு பக்கம் பளிச்சுனு இருக்கறது பொருள் நம்ம பக்கமா வேகமா வர்றதால. நம்ம கேலக்ஸியோடத 2022 மே 12 வெளியிட்டாங்க.

கேள்வி: கருந்துளை ஆவியாகும்னு ஹாக்கிங் சொன்னாரே, அப்போ உள்ள போனதெல்லாம் வெளிய வந்துடுமா?

1974ல அவரு காட்டினது, குவாண்டம் விதிய சேத்துக்கிட்டா கருந்துளைக்கு ஒரு வெப்பநிலை உண்டு, அது மெல்ல கதிர்வீசும்னு. சூரியன் நிறை உள்ளதுக்கு அந்த வெப்பநிலை ஒரு கெல்வின்ல 10 கோடில 6 பங்கு. சுத்தி இருக்கற விண்வெளியோ 2.7 கெல்வின்ல இருக்கு, அதனால இப்போதைக்கு அந்த மாதிரி கருந்துளைங்க வெளிய விடறத விட உள்ள வாங்கறது தான் ஜாஸ்தி. இப்பவே ஆவியாக ஆரம்பிக்கணும்னா நிறை நிலாவ விட கம்மியா இருக்கணும், அப்டிப்பட்டது மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு ஆரம் கூட இருக்காது. சூரியன் நிறை ஆவியாக ஆகற காலம் 1க்கு பின்னால 67 சைபர் போட்ட அளவு வருஷம், பிரபஞ்சத்தோட வயசே 1,380 கோடி வருஷம் தான். அதனால இத யாரும் வானத்துல பாத்ததில்ல, கணக்கு ரகம், ஆனா பல வேற வேற வழில போட்டும் அதே விடை வர்றதால எல்லாரும் நம்பற கணக்கு.

சிக்கல் நீங்க கேட்ட எடத்துல தான். வெளிய வர்ற கதிர்வீச்சு வெறும் வெப்பம்னா, உள்ள போனது என்னன்னு அதுல இருக்காது (அந்த தம்பிக்கு சொன்ன மூணு எண் தான் தெரியும்ங்கறது இங்க வந்து கடிக்குது), கருந்துளையும் கரைஞ்சு போயிட்டா தகவல் அழிஞ்சு போச்சு. குவாண்டம் விதிப்படி தகவல் அழியவே கூடாது. ஹாக்கிங் அழியும்னே ரொம்ப நாள் நின்னாரு, 1997ல ஜான் ப்ரெஸ்கில்ங்கற இயற்பியலாளரோட பந்தயமே கட்டினாரு, 2004ல தோல்விய ஒத்துக்கிட்டு பேஸ்பால் கலைக்களஞ்சியம் ஒண்ணு வாங்கி குடுத்தாரு. பந்தயத்துல ஹாக்கிங் பக்கம் நின்ன கிப் தோர்ன் ஒத்துக்கல. 2019க்கு அப்புறம் வந்த கணக்குங்க தகவல் வெளிய வருதுங்கற பக்கம் பலமா சாய வச்சிருக்கு, எந்த வழியா வருதுங்கறதுல தான் இன்னும் அடிதடி.

கேள்வி: துகள் மோதல் எந்திரத்துல கருந்துளை உருவாகி பூமிய தின்னுடாதா?

விண்வெளில இருந்து வர்ற காஸ்மிக் கதிருங்க அத விட பெரிய ஆற்றல்ல பூமி மேலயும் நிலா மேலயும் கோடிக்கணக்கான வருஷமா மோதிட்டு தான் இருக்கு. தூங்குங்க.

கேள்வி: ரெண்டு கருந்துளை மோதறத கேட்டோம்னு சொல்றாங்களே, சத்தம் எப்டி வந்துச்சு?

காத்துல வர்ற சத்தம் இல்ல, காலவெளியே நெளியற அலை, அந்த அலையோட அதிர்வெண் நம்ம காது கேக்கற வரம்புல இருந்ததால அத ஸ்பீக்கர்ல போட முடிஞ்சுது. 2015 செப்டம்பர் 14, அமெரிக்கால இந்த அலைய பிடிக்கறதுக்குன்னு இருக்கற ரெண்டு லைகோ கருவிலயும் 0.2 நொடி நேரம் பதிவாச்சு. 36 சூரியன் நிறையும் 29 சூரியன் நிறையும் சேந்து 62 ஆச்சு. மீதி 3 சூரியன் நிறை அலையாவே போயிடுச்சு, நடந்தது 130 கோடி ஒளியாண்டு தள்ளி.

எனக்கு அதுல புடிச்சது கடைசி பகுதி. மோதி ஒண்ணான புது கருந்துளை தட்டின மணி மாதிரி கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்குது, அந்த அதிர்வோட சுருதியும் அது அடங்கற வேகமும் நிறையையும் சுழற்சியையும் மட்டுமே பொறுத்தது. கருந்துளை இப்டி தான் அடங்கும்னு 1970லயே சி. வி. விஸ்வேஸ்வரா கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு எழுதிட்டாரு, அப்போ பலருக்கு கருந்துளை இருக்கான்னே சந்தேகம். 2016 பிப்ரவரில லைகோ அறிவிப்பு வந்தப்போ அவரு உயிரோட இருந்து பாத்தாரு, 2017 ஜனவரில போயிட்டாரு.

இத வச்சு இன்னொண்ணும் சரிபாத்துட்டாங்க. ரெண்டு கருந்துளை சேந்தா புதுசோட மேற்பரப்பு பழைய ரெண்டோட கூட்டுத்தொகைய விட குறையவே முடியாதுன்னு 1971ல ஹாக்கிங் சொல்லியிருந்தாரு. 2025 ஜனவரி 14 வந்த ஒரு சிக்னல், முதல்ல வந்தத விட ரொம்ப தெளிவானது, அதுல மோதறதுக்கு முன்னாடி ரெண்டோட மேற்பரப்பும் சேத்து சுமார் 2.4 லட்சம் சதுர கிமீ, மோதின அப்புறம் சுமார் 4 லட்சம் சதுர கிமீ. நிறை குறையுது, பரப்பு ஏறுது, அவரு சொன்ன பக்கமே.